குழந்தை நூல் எழுதுவோரும் பதிப்பாசிரியரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று பேசுவதற்கு நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள், குழந்தைகளுக்கு நூல் எழுத முற்படுவோர் பதிப்பாசிரியரை அணுகுங்கால் செய்யும் பிழைகள் என்பதாகும். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக் கொண்டு ரயில்வேயில் எழுத்தர் பணி பார்ப்பவருக்கு இப்பொருளில் பேச என்ன உரிமை என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். நாம் புலவரும் அல்லோம், பதிப்பாளரும் அல்லோம். ஆயினும் சங்கத்தின் குழந்தை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சில ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருகிறது. அதனால் இக்காலனியிலும் அக்கம்பக்கத்திலும் கதை எழுதும் அன்பர்கள், தங்கள் பிரதியை அனுப்புவதற்கு முன்னும், அது திரும்பி வந்த பின்னும் நம்மிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு பார்த்தவற்றைக் கொண்டே இங்குப் பேசுகிறோம்.

உரிமை பற்றி இன்னும் ஒரு சொல். தமிழ்க் குழந்தைகளின் கவிஞர் என்று போற்றப்பட்ட அழ. வள்ளியப்பா அவர்கள் வங்கி ஊழியராக இருந்தவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவரும் அவரே. 2023ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதினை 'ஆதனின் பொம்மை' என்னும் நூலுக்காகப் பெற்ற திரு. உதயசங்கர் அவர்கள் ரயில்வேயில் நிலைய அதிபராகப் பணியாற்றியவர். ஆகவே, பேரேட்டையும் பச்சைக் கொடியையும் பிடித்த கை குழந்தைகளுக்குக் கதை எழுதலாகாது என்று எவரும் சொல்ல முடியாது.

இனி, இது நமக்கு ஏன் முக்கியமான விஷயம் என்பதைக் கூறிவிட்டு மேலே செல்வோம்.

நாம் வாழும் இந்த வைட்ஃபீல்ட் 1882இல் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கென்று மைசூர் மகாராஜா வழங்கிய நிலத்தில் உண்டான குடியிருப்பு. இன்று இங்கே பல மொழியினரும் கலந்து வாழ்கின்றனர். நம்மவருள் ரயில்வேயை நம்பி வந்தவர் உண்டு. தொழிற்சாலைகளை நம்பி வந்தவர் உண்டு. 2001இல் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்தவர் உண்டு. கணினி நிறுவனங்களில் வேலை கிடைத்து வந்த இளைஞரும் உண்டு. எல்லோர் வீட்டுக் குழந்தைகளுக்கும் நிலைமை ஒன்றே. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். நம் குழந்தைகள் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் தமிழ் படிப்பவர் சிலரே.

நம் நூலகத்தில் நல்ல நூல்கள் இல்லாமலில்லை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன், பத்து வயதினர்க்கென்று அச்சிடப்பட்ட நூலை ஆவலோடு எடுக்கிறான். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடுகிறான். அந்நூல், ஐந்தாண்டுகள் பள்ளியில் நாள்தோறும் தமிழ் படித்த பிள்ளைக்காக எழுதப்பட்டது. நம் சிறுவனுக்கோ ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரமே தமிழ் வகுப்பு. சரி, ஆறு வயதினர்க்குரிய நூலைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறான். ஆனால் கிளிக்கும் முயலுக்கும் நடந்த உரையாடலைப் படிக்க அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் அறிவுக்கு வயது பத்து. அவன் தமிழ்ப் படிப்புக்கு வயது ஆறு. இவ்விரண்டுக்கும் இடையே நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு காலியாகவே கிடக்கிறது.

அந்தத் தட்டை நிரப்பக்கூடியவர் யார்? சென்னையிலிருக்கும் எழுத்தாளர் எத்துணை வல்லவராயினும் இந்தச் சிறுவனைக் கண்டவர் அல்லர். அவனை நாள்தோறும் காண்பவர்கள் இங்கிருக்கும் தாய் தந்தையர், ஞாயிறு வகுப்பு ஆசிரியைகள், பாட்டிமார்கள். எனவே இங்குள்ள ஒருவர் எழுதிய நல்ல கதையொன்று, கடிதப் பிழையினாலோ அளவுப் பிழையினாலோ திரும்பி வந்து, அவரும் மனமுடைந்து பேனாவை மூடிவிடுவாராயின், நட்டம் அவருக்கு மட்டுமன்று. அந்தச் சிறுவனுக்கும் சேர்த்துத்தான்.

பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, கடை தெரியாமல் சரக்கு கொண்டு போவது. இதுவே தலையாய பிழை. அன்பர் ஒருவர் தம் கதையை அம்புலிமாமாவுக்கு அனுப்ப விரும்பி முகவரி கேட்டார். 1947 ஜூலையில் தோன்றி நம் தலைமுறையை மகிழ்வித்த அப்பத்திரிகை நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகின்றது. பிள்ளைப் பருவத்தில் படித்ததை மனத்திற் கொண்டு பத்திரிகை தேடுவோர், இன்று எவை வருகின்றன, யார் யார் குழந்தை நூல் வெளியிடுகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

பதிப்பகத்திற்குப் பதிப்பகம் போக்கு வேறு. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா, ஆங்கிலத்தையும் சேர்த்து ஒன்பது மொழிகளில் படநூல்களை வெளியிட்டு வருவது. அத்தகைய இடத்திற்கு, எதுகை மோனையில் மட்டுமே உயிர் வைத்திருக்கும் பாட்டுக் கதையை அனுப்பினால், அவர்கள் அதை மற்ற மொழிகளுக்கு எப்படிக் கொண்டு செல்வார்கள்? நம் பெங்களூரிலேயே 2004இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் இருக்கிறது. அதன் ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளம் 2015இல் ஏற்பட்டது. அங்குக் கதைகள் படிப்புத் திறனுக்கேற்ப நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பாரதி புத்தகாலயம் போன்றவை சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான நெடுங்கதைகளையும் வெளியிடுகின்றன. அனுப்பும் முன் அந்தப் பதிப்பகத்தின் நூல்களில் ஐந்தையாவது படித்துவிட வேண்டும். ஆழமறியாமல் காலை விடக்கூடாது என்பது ஆற்றுக்கு மட்டும் சொன்னதன்று.

இரண்டாவது, யாருக்கு என்று சொல்லாமல் அனுப்புவது. "இக்கதை ஆறு முதல் அறுபது வரை அனைவரும் படிக்கத்தக்கது" என்று எழுதுவோர் பலர். எழுதியவருக்கு அது பெருமையாகத் தோன்றுகிறது. பதிப்பாசிரியருக்கோ எழுதியவர் எந்தக் குழந்தையையும் நினைத்து எழுதவில்லை என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. ரயிலில் சரக்கு அனுப்புவோர் என்ன சரக்கு, எவ்வளவு எடை, எந்த நிலையத்திற்கு என்று எழுதித் தருகிறார்கள். சேருமிடம் எழுதாத மூட்டையில் பட்டே இருந்தாலும் அது வண்டியில் ஏறாது.

தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வகையாக்கியிருக்கிறார்கள். அப்பெயர்களைக் கேட்டாலே விஷயம் விளங்கும். நடக்கத் தொடங்கிய குழந்தையைப் பறக்கச் சொல்லலாகாது. நம் போன்றோர் எழுதும்போது, வயது இத்தனை, படிப்புப் படி இத்தனை என்று இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுவது நலம். ஏனெனில் நம் குழந்தைகளிடத்தில் இவ்விரண்டும் ஒன்றாயிருப்பதில்லை.

மூன்றாவது, அளவு அறியாமை. அச்சகத்தில் பெரிய தாளை அடித்து மடித்தால் எட்டும் பதினாறுமாகப் பக்கங்கள் கிடைக்கின்றன. ஆகவே படநூல் பெரும்பாலும் 16, 24, 32 என்னும் பக்கக் கணக்கில் அமைகிறது. பக்கத்தின் பெரும்பகுதியைப் படம் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்தில் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கே வழியுண்டு. ஆக, சின்னஞ்சிறார் படநூலுக்குச் சில நூறு சொற்களே அளவு. நாம் கண்ட பிரதி ஒன்று, ஐந்து வயதுக் குழந்தைக்கான படநூல் என்ற குறிப்போடு 4,000 சொற்கள் கொண்டிருந்தது. கதை நல்ல கதை. ஆனால் அதைப் படநூலாக்க வேண்டுமானால் குழந்தை தூக்க முடியாத புத்தகமாகத்தான் ஆக்க வேண்டும்.

சிறிய அளவு என்றால் சிறிய வேலை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் டாக்டர் சியூஸ் என்னும் புனைபெயரில் எழுதியவர், படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்காக, பதிப்பாளர் கொடுத்த சொற்பட்டியலை வைத்துக்கொண்டு, 236 வெவ்வேறு சொற்களிலேயே தொப்பி அணிந்த பூனையின் கதையை எழுதினார். 1957இல் வெளிவந்த அந்நூல் உலகப் புகழ் பெற்றுவிட்டது. நாம் முன்னே சொன்ன பத்து வயதுச் சிறுவனுக்கும் இதுபோல் அளந்தெடுத்த சொற்களில், ஆனால் அவன் அறிவுக்கு ஏற்ற கதை வேண்டும்.

நான்காவது, நீதியைக் கடைசியில் ஒட்டுவது. "ஆகவே குழந்தைகளே, நாம் ஒருபோதும் பொய் சொல்லக் கூடாது" என்று முடியாத கதை நம்மிடம் வந்ததே இல்லை எனலாம். நீதி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஔவைப் பிராட்டியின் நாட்டில் பிறந்தவர்கள் அப்படிக் கூறலாமா? ஆனால் கதை முழுவதும் சொல்லாத நீதியைக் கடைசி வரியில் சொல்வதால் பயனில்லை. கதையே சொல்லிவிட்ட நீதியை மீண்டும் கூறுவதாலும் பயனில்லை. பொய் சொன்ன சிறுவன் தன் தோழனை இழந்து தனியே திண்ணையில் அமர்ந்திருக்கிறான் என்று நிறுத்திவிட்டால் படிக்கும் குழந்தைக்குத் தானே விளங்கும். அதற்கு விளங்கும் என்று நம்பாதவர்தான் கடைசி வரியை எழுதுகிறார். பதிப்பாசிரியர் முதலில் அடிப்பதும் அந்த வரியைத்தான்.

ஐந்தாவது, உறவினர் சான்றிதழ். "எங்கள் பேத்தி இக்கதையைத் தினமும் சொல்லச் சொல்கிறாள்", "எம் அலுவலக மேலதிகாரி பாராட்டினார்" என்று கடிதத்தில் எழுதுவது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பேத்தி சிரித்தது பாட்டியின் குரலுக்கும், முகக் குறிப்புக்கும், மடியின் சூட்டுக்கும். நூல் கடைக்குப் போகும்போது அவை எதுவும் அதனுடன் போவதில்லை. தாளில் உள்ள எழுத்து மட்டுமே போகிறது. ஆதலால் நாம் கூறும் யோசனை இது: கதையை நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். அடுத்த வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு எட்டி நில்லுங்கள். எந்தச் சொல்லில் தயங்குகிறது, எந்த இடத்தில் தாளைத் திருப்பி இன்னும் எத்தனை பக்கம் என்று பார்க்கிறது என்று கவனியுங்கள். அக்குறிப்புகள் நூறு பாராட்டுரைகளுக்கு மேல்.

இப்படிக் கவனித்ததில் நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். கன்னட எழுத்தில் 'க' வல்லொலிக்கு ஓரெழுத்து, மெல்லொலிக்கு வேறெழுத்து. தமிழில் கடல், மகன், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் எழுத்து ஒன்றே, ஒலி மூன்று. பள்ளியில் கன்னட எழுத்தை முதலில் கற்ற நம் பிள்ளைகள் இங்கேதான் இடறுகிறார்கள். தெரிந்த சொல்லாயிருந்தால் தாவிவிடுகிறார்கள். தெரியாத சொல்லாயிருந்தால் நின்றுவிடுகிறார்கள். அதேபோல், "கண்ணுக்கினியதாயிருந்ததொரு" என்று சேர்த்தெழுதினால் மலைத்துப் போகிறார்கள். பிரித்து எழுதினால் படித்துவிடுகிறார்கள். இந்தச் செய்தி சென்னையிலுள்ள பதிப்பாசிரியருக்குப் புதிது. இதை அறிந்து எழுதியிருக்கிறோம் என்று இரண்டே வரியில் கடிதத்தில் குறிப்பிட்டால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பிரதியைப் படிப்பார். பாராட்டுரை செய்யாததை இது செய்யும்.

ஆறாவது, படத்தைப் பற்றிய குழப்பம். கதை எழுதியவரே உறவுப் பையனை வரையச் சொல்லி, அல்லது கணினிப் பொறியைக் கொண்டு வரையச் செய்து, படங்களோடு அனுப்பி, "இப்படங்களையே அச்சிட வேண்டும்" என்று நிபந்தனை போடுகிறார்கள். ஓவியரைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாகப் பதிப்பகத்தின் வேலை. அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தன் நம் கண் முன் இன்றும் நிற்கிறான் என்றால் அது ஓவியர் சங்கர் அவர்களின் கைத்திறன். 2020இல் மறைந்த அப்பெரியவரின் படங்கள் கதைக்குத் துணை நின்றவை மட்டுமல்ல. பாதிக் கதையைத் தாமே சொன்னவை. ஆகவே எழுதுவோர் ஓவியருக்கு இடம் விட வேண்டும். "சிவப்புப் பாவாடையும் மஞ்சள் சட்டையும் அணிந்து, இரட்டைப் பின்னலில் மல்லிகை சூடிய மீனா" என்று எழுதினால் ஓவியருக்கு வேலை இல்லை. குழந்தைக்கும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. "மீனா வந்தாள்" என்பது போதும்.

ஏழாவது, பிறர் சொத்து. பஞ்சதந்திரத்தையும் தெனாலிராமனையும் சொந்தக் கற்பனை என்று அனுப்புவோர் உண்டு. நாட்டுப்புறக் கதை எல்லோர்க்கும் உரியது. ஆயினும் வேறொருவர் திருப்பிச் சொன்ன சொற்கள் அவருக்கே உரியவை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன்படி, ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகளுக்கு அவரது எழுத்தில் உரிமை நிலைக்கும். மொழிபெயர்ப்புக்கும் அனுமதி வேண்டும். கன்னடத்திலிருந்து ஒரு குழந்தைக் கதையைத் தமிழாக்கம் செய்வது நம்மவர்க்கு எளிதான, போற்றத்தக்க பணி. ஆனால் மூல ஆசிரியரின் ஒப்புதலைப் பெற்று, அதைக் கடிதத்தில் தெரிவித்து அனுப்ப வேண்டும். கதை, பாட்டி சொன்னதாயின், "பாட்டி சொன்னது; நாம் நம் சொற்களில் எழுதியது" என்று கூறிவிடுவதில் இழிவு ஒன்றுமில்லை.

எட்டாவது, கடிதமும் நடத்தையும். ஐந்து பக்கக் கடிதம். அதில் மூன்று பக்கம் தன் வரலாறு. அல்லது கடிதமே இல்லாமல், பெயரும் முகவரியும் இல்லாமல், கைப்பேசியில் படமெடுத்த பக்கங்கள். ஒரே உறையில் பத்துக் கதைகள். ஒரே நாளில் ஆறு பதிப்பகங்களுக்கு அனுப்பிவிட்டு ஒருவரிடமும் சொல்லாமை. மறுநாள் முதல் தொலைபேசி. புத்தகக் கண்காட்சியில் நெரிசலான மாலையில் கடையில் நிற்பவர் கையில் பிரதியைத் திணித்தல். இவையனைத்தும் நாம் கண்டவையே. எத்தனை நாளில் விடை தருவோம், எவ்வடிவில் அனுப்ப வேண்டும் என்பதைப் பதிப்பகங்கள் பல தம் இணையத்தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. அதைப் படித்து அதன்படி செய்வதே பாதி மரியாதை.

கடிதம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரியைக் கூறுகிறோம், விரும்புவோர் எடுத்தாளலாம்.

"அன்புடைய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். 'இரண்டாம் பிளாட்பாரத்துப் பூனை' என்னும் கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். 8 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கானது, 450 சொற்கள், 24 பக்கப் படநூலாக அமையும் என்று கருதுகிறோம். தமிழ்நாட்டிற்கு வெளியே வளர்ந்து, தமிழை மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளை எண்ணிச் சிறு வாக்கியங்களில் எழுதியது. எமது சொந்தக் கற்பனை; எங்கும் வெளிவந்ததன்று; இப்போது வேறெவர்க்கும் அனுப்பவில்லை. தங்கள் கருத்தை அறிய ஆவலாயிருக்கிறோம்." இதன் கீழே பெயர், முகவரி, தொலைபேசி எண். இவ்வளவே. இதற்கு மேற்பட்டதைக் கதை சொல்லட்டும்.

ஒன்பதாவது, திருத்தத்தை அவமானமாகக் கொள்வது. பதிப்பாசிரியர், "நடுப்பகுதி தொய்கிறது, மாற்றி எழுதித் தருவீர்களா?" என்று எழுதினால், "எம் எழுத்தில் கை வைக்க இவர் யார்?" என்று பிரதியைத் திரும்பப் பெற்றவர் உண்டு. அன்பர்களே! வேண்டாத கதைக்கு எந்த ஆசிரியரும் மூன்று பக்கம் குறிப்பெழுத மாட்டார். திருத்தம் கேட்பது பாதி ஒப்புதல்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று காண்போம். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழரான ஆர்.கே. நாராயண், 1930இல் இதே பெங்களூரில், பாட்டியார் குறித்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்தபோது, மால்குடி என்னும் ஊர் தன் சிறு ரயில் நிலையத்தோடு அவர் மனத்தில் தோன்றியது. சுவாமி என்னும் சிறுவனைப் பற்றிய அந்த ஆங்கில நாவல் குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்டதன்று. எனினும் குழந்தைகள் விரும்பிப் படிப்பது. இங்கிலாந்தின் பதிப்பாளர்கள் பலர் அதைத் திருப்பினர். பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி நாராயண் ஆக்ஸ்போர்டிலிருந்த தம் நண்பருக்கு எழுதினார். நண்பர் அவ்வாறு செய்யாமல் கிரஹாம் கிரீன் என்னும் எழுத்தாளரிடம் கொடுத்தார். கிரீன் அதைப் பரிந்துரைத்ததோடு தலைப்பையும் மாற்றச் சொன்னார். நாராயணசுவாமி என்ற பெயரையும் சுருக்கச் சொன்னார். ஆசிரியர் இரண்டையும் ஏற்றார். 1935இல் நூல் வெளிவந்தது. தம் பெயரையே சுருக்கிக்கொண்டதால் அவர் புகழ் சுருங்கிவிட்டதா?

பத்தாவது, மனமுடைந்து பணத்தை இழப்பது. இதைச் சற்று அழுத்தமாகக் கூற வேண்டும். இரண்டு மறுப்புகள் வந்தவுடன், "உங்கள் நூலை உலகெங்கும் வெளியிடுகிறோம்" என்று விளம்பரம் செய்வோரிடம் போய் விழுகிறார்கள். நம் காலனிச் சகோதரி ஒருவர், மகளின் கல்லூரிச் செலவுக்கு வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்து 500 பிரதிகள் அச்சிட்டார். பெரும்பாலானவை இன்றும் அவர் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. எழுத்துப்பிழை திருத்துவோர் இல்லை, விற்பார் இல்லை. நினைவிற் கொள்ளுங்கள்: நூலுக்காகத் தன் பணத்தைப் போடுபவர் பதிப்பாளர், உங்கள் பணத்தை வாங்கி அச்சிட்டுத் தருபவர் அச்சகத்தார். அச்சகத்தார் நேர்மையான தொழில் செய்பவராகவே இருக்கலாம். ஆனால் அவரைப் பதிப்பாளர் என்று எண்ணிப் பணம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், உரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கிறோமா, அச்சிடும் அனுமதி மட்டும் தருகிறோமா என்று பாருங்கள். ஸ்டோரிவீவர் போன்ற திறந்த தளங்களில், பெயரைக் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளவும் மொழிபெயர்க்கவும் அனுமதி தரப்படுகிறது. கதை பல மொழிக் குழந்தைகளிடம் போய்ச் சேர அது நல்ல வழிதான். ஆயினும் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுத்துவிட்டு வருந்துவது வேறு.

தம் செலவில் அச்சிட்டு வென்றவர் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் அம்மையார் 1893இல், தமக்குக் கற்பித்த ஆசிரியையின் மகனான நோயுற்ற சிறுவனுக்குப் படங்களோடு ஒரு கடிதம் எழுதினார். பீட்டர் என்ற முயலின் கதை அது. பின்னர் அதை நூலாக்க முயன்றபோது பதிப்பாளர்கள் மறுத்தனர். சின்னஞ்சிறு கைகளுக்கேற்ற சிறு புத்தகமாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். 1901 டிசம்பரில் தம் செலவில் 250 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். முன்னர் மறுத்த வார்ன் பதிப்பகமே பிறகு, வண்ணப் படங்களாக மாற்றித் தந்தால் வெளியிடுவதாகக் கூற, அவரும் இசைந்து புதிதாக வரைந்து கொடுத்தார். 1902இல் நூல் வெளிவந்தது.

இவ்வரலாற்றில் நமக்குப் பாடம் எது? வண்ணத்தில் விட்டுக்கொடுத்தவர், புத்தகத்தின் சிற்றளவில் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன்? வண்ணம் அவர் விருப்பம். சிற்றளவு அந்தக் குழந்தையின் தேவை. எதில் இணங்குவது, எதில் நிலைத்து நிற்பது என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, எந்தக் குழந்தைக்காக எழுதினாரோ அந்தக் குழந்தையின் நினைவே.

நாம் எண்ணிய பத்துப் பிழைகளையும் உரைத்துப் பார்த்தால் அவை ஒன்றே என்பது விளங்கும். சேருமிடம் எழுதாதவரும், நாலாயிரம் சொல் எழுதியவரும், நீதியை ஒட்டியவரும், பாராட்டுரை இணைத்தவரும், திருத்தத்திற்குச் சினந்தவரும், யாவரும் பதிப்பாசிரியரையும் தம்மையும் நினைத்தார்களேயன்றி, நடுவில் நிற்கும் குழந்தையை மறந்தார்கள். பதிப்பாசிரியர் வாயிற்காவலர் அல்லர். இன்னும் பிறவாத நூலுக்கு, அதைப் படிக்கப் போகும் குழந்தையின் சார்பில் வந்த முதல் வாசகர் அவர். அவரிடம் நாம் கொண்டுபோக வேண்டியது பட்டமும் அலங்காரமும் அல்ல. அந்தக் குழந்தையை நாம் அறிந்திருக்கிறோம் என்பதற்கான சான்று. அச்செல்வம் நம் காலனியில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, தமிழ் வகுப்பு முடிந்ததும், எழுதும் அன்பர்கள் தங்கள் பிரதிகளைக் கொண்டு வரட்டும். பெரியவர்கள் கருத்துச் சொல்வதற்கு முன் வகுப்புப் பிள்ளைகளே படித்துப் பார்க்கட்டும். அவர்கள் தயங்கிய இடங்களைக் குறித்துத் திருத்துவோம். கடிதம் எழுத உதவுவோம். ஒப்பந்தம் வந்தால் விவரம் தெரிந்த அன்பர்களிடம் காட்டி விளக்கம் பெறுவோம். மறுப்பு வந்தால், ஒருவர் தனியே வீட்டில் வருந்தாமல், ஏன் வந்தது என்று கூடி ஆராய்ந்து அடுத்த பதிப்பகத்திற்கு அனுப்புவோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் அறையும் ஒரு மணி நேரமும் போதும்.

நூலகத்தில் அந்தக் காலித் தட்டை நாம் வேறு நூல்களை அடுக்கி நிரப்பாமல் வைத்திருக்கிறோம். இங்கிருந்து எழுதப்படும் நூல்களுக்கு அந்த இடம். தாய்மார்கள் மனம் வைத்தால் அது நெடுநாள் காலியாக இராது.